டெர்மாபிளேனிங்: பூனைமுடி போகும், மங்கு போகாது

கல்யாண சீசன் வந்தால் புதுச்சேரி பார்லர்களில் மணப்பெண் பேக்கேஜ் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறது. ஃபேஷியல், பிளீச், த்ரெட்டிங் என்று இருந்த இடத்தில் இப்போது டெர்மாபிளேனிங் என்ற பெயரும் சேர்ந்திருக்கிறது. கடலூரிலும் இதே பேச்சுதான். என்ன அது என்று கேட்டால், "பிளேடு வச்சு முகத்தை லேசா வழிச்சு விடுவோம்க்கா, பளபளன்னு ஆயிடும்" என்று பதில் வரும். தப்பான பதில் இல்லை. ஆனால் அந்தப் பளபளப்பு எத்தனை நாளைக்கு, யாருக்கு வரும், யாருக்கு வேறு மாதிரி முடியும் என்பதெல்லாம் அதில் இல்லை.

டெர்மாபிளேனிங் என்பது முகத்தின் மேலேயே கிடக்கும் இறந்த செல்களையும், பூனைமுடி என்று நாம் சொல்லும் மெல்லிய ரோமத்தையும் கூர்மையான பிளேடால் வழித்தெடுப்பது. மருந்து கிடையாது, மெஷின் கிடையாது, மரத்துப்போக ஊசியும் கிடையாது. அரை மணி நேரம், மிஞ்சினால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நம் தோலின் உச்சியில் இருப்பவை உயிருள்ள செல்கள் இல்லை. கீழே பிறந்து, மெல்ல மேலே தள்ளப்பட்டு, வழியிலேயே இறந்து, தட்டையாகி வந்து சேர்ந்த செல்கள். உடம்பின் பல இடங்களில் இவை 15 முதல் 20 அடுக்கு இருக்கும். முகத்தில் அதைவிடக் குறைவு. அத்தனை அடுக்கும் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். இளவயதில் சுமார் 4 வாரத்துக்கு ஒருமுறை இந்தப் படலம் தானாக உதிர்ந்து புதிதாகும். வயது ஏற ஏற அந்த வேகம் குறையும். உதிர வேண்டியது உதிராமல் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் முகம் மங்கலாகத் தெரியும், பவுடர் போட்டால் அங்கங்கே திரிந்து நிற்கும்.

கடற்கரைப் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். உப்புக்காற்றில் சுண்ணாம்பு பொரிந்து நிற்கும் சுவருக்கு மறுபடி வெள்ளையடிக்கும் முன், பெயிண்டர் தகட்டால் சுரண்டுவார். பொரிந்தது மட்டும் வந்தால் சுவர் வழவழப்பாகும். பூச்சு வரைக்கும் போய்விட்டால் ஒட்டுப்போட வேண்டும், ஒட்டு தனி நிறத்தில் தெரியும். டெர்மாபிளேனிங்கின் நன்மை, ஆபத்து இரண்டுமே இந்த ஆழக் கணக்கில்தான் இருக்கின்றன.

பெயர் ஒன்றுபோல இருப்பதால் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. டெர்மாபிரேஷன் என்பது சுழலும் கருவியால் தோலின் அடி அடுக்கு வரை தேய்த்தெடுக்கும் சிகிச்சை. அதற்கு மரப்பு மருந்து வேண்டும், ஆற நாளாகும். மைக்ரோடெர்மாபிரேஷன் என்பது நுண்ணிய துகளாலோ வைர முனையாலோ மேலாகத் தேய்ப்பது. கெமிக்கல் பீல் என்றால் அமிலம் தடவி உரியவைப்பது. இவற்றில் எதுவும் முடியை எடுக்காது. பிளேடு ஒன்றுதான் செல்லையும் முடியையும் ஒரே நேரத்தில் எடுக்கிறது.

நாற்காலியில் நடப்பது என்ன

முறையாகச் செய்யும் இடத்தில் முதலில் முகத்தை நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைப்பார்கள். பசை இருந்தால் பிளேடு வழுக்கும். பிறகு மூடி ஒட்டிய உறையிலிருந்து புது சர்ஜிக்கல் பிளேடை எடுத்துக் கைப்பிடியில் பொருத்துவார்கள். பெரும்பாலும் 10-ஆம் எண் பிளேடு. அதன் வெட்டும் விளிம்பு லேசாக வளைந்திருக்கும். அறுவை அரங்கில் தோலைக் கீற எடுப்பதும் இதே பிளேடுதான் என்பது ஞாபகத்தில் இருக்கட்டும்.

செய்பவர் ஒரு கையால் கன்னத்தை இறுக்கி இழுத்துப் பிடிப்பார். மறு கையில் பிளேடைத் தோலோடு சுமார் 45 டிகிரி சாய்த்து, குட்டிக் குட்டி இழுப்புகளாக வழிப்பார். ஒரே இழுப்பாக நீட்டி இழுப்பது சலூன் ஷேவிங். இங்கே ஒவ்வொரு இழுப்பும் ஓர் அங்குலம்கூட இருக்காது. காதுக்குப் பக்கத்தில் வரும்போது மெல்லிய உரசல் சத்தம் கேட்கும். வலி இருக்காது. ஒவ்வொரு சில இழுப்புக்கும் பிளேடைப் பஞ்சுத் துணியில் துடைப்பார்கள். அதில் சாம்பல் நிறத் தூசும் பூனைமுடியும் கலந்து படிந்திருக்கும். பலருக்கு இதைப் பார்ப்பதுதான் பெரிய திருப்தி. செலவழித்த காசு கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா! கண் இமையைத் தொட மாட்டார்கள். மூக்கின் மடிப்பு, உதட்டு ஓரம், தாடை எலும்பின் வளைவு ஆகிய இடங்களில் தோலை இறுக்கிப் பிடிப்பது கஷ்டம். கீறல் விழுவதும் அங்கேதான்.

முடிந்ததும் குளிர்ச்சியான ஜெல்லோ மாய்ஸ்சரைசரோ தடவி, சன்ஸ்கிரீன் போட்டு அனுப்புவார்கள். லேசான சிவப்பும் எரிச்சலும் சில மணி நேரம் இருக்கலாம். ஒரு நாளைத் தாண்டக் கூடாது.

கிடைப்பது என்ன

உடனே தெரிவது வழவழப்பு. மேடுபள்ளம் குறைந்த பரப்பில் வெளிச்சம் சிதறாமல் திரும்புவதால் முகம் பளிச்சென்று தெரிகிறது. மேக்கப் படிவது உண்மையிலேயே மாறும். பூனைமுடியில் ஃபவுண்டேஷன் ஒட்டிக்கொண்டு பக்கவாட்டு வெளிச்சத்தில் மாவாகத் தெரிவது நிற்கும். கல்யாண மண்டபத்தில் வீடியோ லைட்டுக்கு முன்னால் உட்காரப் போகும் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கர்ப்பிணிகளுக்கு ரெட்டினாய்டு எனப்படும் வைட்டமின் ஏ வகை க்ரீம்கள் கூடாது என்பதால், மருந்தில்லாத இந்த முறை அவர்களுக்கு ஒரு வழியாக இருக்கிறது. அப்போதும் மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இன்னொரு நன்மையாகச் சொல்லப்படுவது, தடவும் க்ரீம் நன்றாக உள்ளே இறங்கும் என்பது. உண்மைதான், தடுப்பாக இருந்த படலம் மெலிந்துவிட்டதே. ஆனால் நல்லது இறங்கும் வழியில்தான் எரிச்சல் தருவதும் இறங்கும். வழக்கமாகப் போடும் வைட்டமின் சி சீரம் அன்று மட்டும் மிளகாய் பட்டது மாதிரி எரிவதற்குக் காரணம் இதுதான்.

கிடைக்காதது எது என்பதையும் பார்த்துவிடலாம். பருக்குழி நிரம்பாது, குழி தோலின் அடி அடுக்கில் இருக்கிறது, பிளேடு அங்கே போவதில்லை. துளைகள் சிறுக்காது. சுருக்கம் போகாது. கன்னத்திலும் மூக்கு மேலும் படரும் மங்கு போகவே போகாது. மங்கின் நிறமி உயிருள்ள செல்களில், சிலருக்கு அதற்கும் கீழே தங்கியிருக்கிறது. இறந்த செல்களை வழிப்பதால் அதற்கு எந்த நஷ்டமும் இல்லை. மங்கு உள்ள முகத்தைத் தேய்க்கத் தேய்க்கக் கூடுதலாகக் கறுக்கும் என்பதால், "மங்குக்கும் நல்லதுக்கா" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம். கலர் கூடும் என்பதும் அப்படித்தான். இறந்த செல் போனதால் தெரிவது உங்கள் சொந்த நிறம்தான், இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் தெளிவாகத் தெரியும். அவ்வளவுதான்.

அந்த இரண்டு மூன்று வாரத்துக்குப் பின் செல் மறுபடி சேரும், முடி மறுபடி வரும். அதனால்தான் மாதம் ஒருமுறை என்கிறார்கள். அதைவிட அடிக்கடி செய்தால் தோல் ஆறவே நேரம் கிடைக்காது. சில இடங்களில் 6 சிட்டிங்குக்கு முன்பணம் கேட்பார்கள். லேசர் மாதிரி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பலன் சேருகிற சிகிச்சை இல்லை இது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பம். முன்பணம் கட்ட எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

"மீசை முளைச்சிடும்டி"

வீட்டில் சொன்னால் அம்மாவோ அத்தையோ முதலில் சொல்வது இதைத்தான். "பொண்ணு மூஞ்சில பிளேடு வச்சா மீசை முளைச்சிடும்டி!" பயப்பட வேண்டாம். தோலுக்கு வெளியே தெரியும் முடி இறந்த பொருள். அதை வெட்டினால் கீழே இருக்கும் வேருக்குச் செய்தி போவதில்லை. மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் அறிஞர் 1928-லேயே இதை ஆய்வு செய்து, வழிப்பதால் முடியின் தடிமனோ நிறமோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று எழுதிவிட்டார். அப்புறம் ஏன் சொரசொரப்பாக இருக்கிறது? தானாக வளர்ந்த முடியின் நுனி கூம்பிக் கூம்பி மெல்லிதாக முடியும். வெட்டிய முடியின் நுனி மொட்டையாக இருக்கும். விரலுக்கு அந்த மொட்டை நுனி தட்டுப்படுகிறது.

ஆனால் அத்தைமார் பயத்துக்குள் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருக்கிறது: முகத்தில் இருப்பது பூனைமுடிதானா? பூனைமுடி குட்டையானது, நிறமில்லாதது, வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். எல்லாப் பெண்களுக்கும் உண்டு. தாடையிலும் மேலுதட்டிலும் கழுத்திலும் கறுத்து, தடித்து, நீளமாக முடி வருகிறது என்றால் அது வேறு வகை. உடம்பில் ஆண் ஹார்மோன்களின் தூண்டுதல் கூடும்போது பூனைமுடி தடித்த முடியாக மாறும். கூடவே மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவது, திடீரென்று எடை கூடுவது, தாடையோரம் பெரிய பருக்கள், தலைமுடி உதிர்வது என்று இருந்தால் பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும். பிளேடு அங்கே அடையாளத்தை மட்டும் அழிக்கும். முடி போனதே என்ற நிம்மதியில் டாக்டரைப் பார்ப்பது ஒரு வருடம் தள்ளிப்போய்விடும். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால், அந்த ஒரு வருடம் சும்மா போகிற வருடம் இல்லை.

லேசர் வைத்து நிரந்தரமாக எடுத்துவிடலாமே என்பார்கள். லேசர் முடியின் கறுப்பு நிறமியைக் குறிவைத்துச் சுடும். பூனைமுடியில் அந்த நிறமியே இல்லை, அதனால் சரியாக வேலை செய்யாது. இன்னொரு வினோதமும் உண்டு. மாநிறத் தோலில், குறிப்பாக முகத்திலும் கழுத்திலும், லேசர் பட்ட இடத்தைச் சுற்றி மெல்லிய முடி தடித்து வளர்வது தெற்காசியப் பெண்களிடம் அதிகம் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆக, பூனைமுடிக்கு லேசரைவிடப் பிளேடு பரவாயில்லை. தடித்த முடிக்குப் பிளேடைவிட லேசரும் ஹார்மோன் சிகிச்சையும் மேல். பார்லர்களில் இது பல நேரம் தலைகீழாக விற்கப்படுகிறது.

மஞ்சள், கோரைக்கிழங்கு, பச்சைப்பயறு மாவு தேய்த்துக் குளித்தே பூனைமுடியைக் குறைத்தோம் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. தினமும் மாவு தேய்க்கும்போது இறந்த செல் உதிரும், கொஞ்சம் முடியும் உராய்ந்து போகும். அந்த மட்டில் சரி.

நம் நிறத்துக்கு உள்ள தனி ஆபத்து

கீறல் விழுமோ என்பதுதான் எல்லோருடைய முதல் பயமும். பயிற்சி உள்ளவர் செய்தால் கீறல் விழுவது குறைவு. விழுந்தாலும் சின்னது, இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். நமக்கு நிஜமாகவே கவலைப்பட வேண்டியது கீறல் ஆறிய பிறகு வருவது.

தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1975-இல் தொடங்கிவைத்த ஒரு வகைப்பாடு இருக்கிறது. வெயில் பட்டால் தோல் சிவந்து வேகுமா, கறுக்குமா என்பதை வைத்துப் பிரிப்பது. இன்று அதில் 6 வகை. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நம்மில் பெரும்பாலோர் 4, 5-ஆம் வகையில் வருவோம். இந்தத் தோலுக்கு ஒரு நல்ல குணம், வெயிலில் எளிதில் வேகாது. ஒரு கெட்ட குணம், எந்தக் காயத்துக்கும் நிறமியைக் கொட்டிப் பதில் சொல்லும். கொசு கடித்த இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான் முகத்திலும். பிளேடு ஒரு இழை ஆழமாகப் போனாலோ, ஒரே இடத்தை நாலைந்து முறை வழித்தாலோ, தோல் வீங்கிச் சிவக்கும். சிவப்பு அடங்கும்போது அங்கே கருமை எழும். நிறமி மேலடுக்கோடு நின்றால் சில மாதங்களில் மங்கும். கீழே இறங்கிவிட்டால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

வெள்ளைத் தோலுக்கு எழுதப்பட்ட வெளிநாட்டு வீடியோக்களில் இந்தப் பகுதி இரண்டு வினாடியில் முடிந்துவிடும். அவர்களுக்குச் சிவந்து மறைவது நமக்குக் கறுத்துத் தங்குகிறது. நம் ஊரில் டெர்மாபிளேனிங்கின் ஆபத்து என்றால் என்னைப் பொறுத்தவரை முதல் ஐந்து இடமும் இதற்குத்தான்.

ஆகவே உங்கள் தோலைப் பற்றி நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று: சின்னப் பரு வந்துபோனாலும் அந்த இடம் கறுத்து நிற்கிற முகமா? ஆம் என்றால் முழு முகத்துக்கும் செய்யாமல், முதலில் காதுக்கு முன்னால் ஓர் இடத்தில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். மூன்று நான்கு வாரம் பாருங்கள். கறுக்கவில்லை என்றால் மற்றதை யோசிக்கலாம். அடிபட்ட இடமெல்லாம் தழும்பு தடித்து மேலெழும்பும் உடம்புவாகு என்றால் இந்த வேலையே வேண்டாம்.

சிவப்பழகு க்ரீமும் பிளேடும்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேட்கவேண்டிய இடத்தில் யாரும் கேட்பதில்லை. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கி, மங்குக்கு என்றோ கலர் வர என்றோ மாதக்கணக்கில் தடவும் ட்யூப்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. இருந்தாலும் கை மாறிக் கை மாறி வீட்டுக்கு வந்துவிடுகின்றன. முதல் சில வாரம் முகம் கண்ணாடி மாதிரி ஆகும். அப்புறம் தோல் மெலியும், ரத்த நாளம் மேலே தெரியும், வெயிலில் நின்றால் எரியும், பரு கொத்தாக வரும். இதோடு முகத்தில் பூனைமுடியும் கூடும். இந்தியத் தோல் மருத்துவர்கள் இதை ஒரு தனி நோயாகவே பெயரிட்டுப் பேசுகிறார்கள், அவ்வளவு பரவலாக இருக்கிறது.

இப்போது வரிசையைப் பாருங்கள். க்ரீமால் முடி கூடியது. முடி கூடியதால் பிளேடு வைக்கப் போகிறார். ஆனால் அதே க்ரீமால் தோல் மெலிந்தும் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்த அழுத்தம் இவருக்கு அதிகமாகிவிடும். எந்த க்ரீம் போடுகிறீர்கள் என்று கேட்காமல் பிளேடை எடுக்கும் இடத்தில் உட்காராதீர்கள். கேட்டால் வெட்கப்படாமல் ட்யூபைக் காட்டுங்கள். பெயர் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துக்கொண்டு போகலாம். ஸ்டீராய்டை நாமாக ஒரே நாளில் நிறுத்தினாலும் முகம் கொதித்துச் சிவக்கும். அதை எப்படி இறக்குவது என்பது தோல் டாக்டர் சொல்ல வேண்டியது.

இன்னும் யாருக்கு வேண்டாம்

சீழ்ப் பரு இருக்கும் முகத்தில் பிளேடு வைத்தால் பருவின் தலை அறுந்து கிருமி முகம் முழுக்கப் பரவும். பரு முதலில் அடங்கட்டும். மரு இருந்தாலும் அப்படியே. நெற்றியிலும் கன்னத்திலும் தோல் நிறத்திலேயே தட்டையாக வரும் மருவைப் பலரும் வேர்க்குரு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வைரஸ், பிளேடு போன கோட்டிலேயே வரிசையாகப் புது மரு முளைக்கும். த்ரெட்டிங்கிலும் இந்த ஆபத்து உண்டு. உதட்டோரம் அடிக்கடி கொத்தாக நீர்க்கொப்புளம் வருபவர்களுக்கு ஹெர்பிஸ் வைரஸ் உள்ளேயே தங்கியிருக்கும், தோலைச் சீண்டினால் திரும்ப எழும்பும். எக்ஸிமா, சொரியாசிஸ் முகத்தில் இருப்பவர்களும் தவிர்க்க வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள் ஆகியோர் டாக்டரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. ரெட்டினால், ட்ரெட்டினாயின், அடபலீன் போன்ற க்ரீம்களைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

ஆண்களுக்கும் இது உண்டா என்று கேட்கலாம். தினம் ஷேவ் செய்கிறவர் கன்னத்தில் பாதி டெர்மாபிளேனிங் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தாடி முடி தடித்தது. அதன் மேல் இந்த பிளேடை ஓட்டினால் முடி உள்ளுக்குள் சுருண்டு கட்டி வரும். தேவையில்லாத வேலை.

பிளேடு விஷயத்தில் வெட்கம் வேண்டாம்

சலூனில் ஷேவிங்குக்கு உட்கார்ந்தால் அண்ணன் புது பிளேடைக் காகிதத்தோடு நம் கண்முன் இரண்டாக உடைத்துப் பொருத்துவதைப் பார்க்கிறோம். எய்ட்ஸ் பயம் வந்த பிறகு ஊர் முழுக்கப் பழகிய வழக்கம் அது. பார்லரில் மட்டும் ஏனோ கேட்கக் கூச்சப்படுகிறோம். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த பரப்பில்கூட, 7 நாள் வரை உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ரத்தக் கறை போதும். டெட்டாலில் முக்கி எடுத்தாலும், ஒரு ஆளுக்குப் பயன்பட்ட பிளேடு மறு ஆளுக்கு ஆகாது.

அதனால் உறை உங்கள் முன்னால் பிரிய வேண்டும். உறையில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள். வேலை முடிந்ததும் அந்த பிளேடு எங்கே போகிறது என்றும் பாருங்கள். 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி கிளினிக்குகளில் கூர்மையான கழிவு, குத்தினால் துளைபடாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். அந்த டப்பா மேசைக்குப் பக்கத்தில் இருந்தால் மற்ற விஷயங்களிலும் அங்கே ஒழுங்கு இருக்கும் என்று ஓரளவு நம்பலாம். சாதாரணக் குப்பைக்கூடையில் விழுந்தால் உங்களுக்கே புரியும். செய்பவர் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் கேளுங்கள். காஸ்மெட்டாலஜிஸ்ட் என்ற பலகையைச் சில வாரப் பயிற்சி முடித்தவரும் மாட்டலாம். தோல் மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ்.-க்குப் பிறகு தோல் பிரிவில் எம்.டி.யோ டிப்ளமோவோ படித்திருப்பார். எல்லாவற்றையும் டாக்டரே செய்ய வேண்டும் என்பதில்லை, அவர் முகத்தைப் பார்த்துச் சரி சொன்ன பிறகு பயிற்சி பெற்றவர் செய்யலாம்.

வீட்டில் செய்ய என்று ஃபேன்ஸி ஸ்டோரிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் புருவ ரேசர்கள் உண்டு. விளிம்பில் நுண்ணிய பல் போன்ற தடுப்பு இருப்பதால் ஆழமாக வெட்டாது. அது ஷேவிங்தான், இறந்த செல் கொஞ்சம்தான் வரும். பூனைமுடி மட்டுமே பிரச்சினை என்றால் அதுவே போதும் என்பது என் கருத்து. கழுவித் துடைத்த முகம், நல்ல வெளிச்சம், முடி படுத்திருக்கும் திசையில் மெதுவாக, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுக்காமல். அக்காள் தங்கையாக இருந்தாலும் ஒரே ரேசரைப் பகிரக் கூடாது, ஈரமான குளியலறை மாடத்தில் போட்டும் வைக்கக் கூடாது. நம் ஊர்க் காற்றில் இரண்டே நாளில் துரு பிடிக்கும். சர்ஜிக்கல் பிளேடை வாங்கி வந்து கண்ணாடி முன்னால் நின்று முயல்வது மட்டும் கூடவே கூடாது.

கல்யாணத்துக்கு முன்னால், அதற்குப் பின்னால் வரும் வெயில்

முதல் டெர்மாபிளேனிங்கைக் கல்யாண வாரத்தில் வைக்காதீர்கள். முகூர்த்தத்துக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே ஒருமுறை செய்து பார்த்தால் கறுக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒத்துக்கொண்டால், கடைசியாக முகூர்த்தத்துக்கு மூன்று முதல் ஐந்து நாள் முன்னால் செய்யலாம். இங்கே ஒரு சிக்கல், நலங்கு. முந்தின நாள் முகத்தை வழித்துவிட்டு மறுநாள் சித்திமாரும் மாமிமாரும் மஞ்சளும் சந்தனமும் நல்லெண்ணெயும் அள்ளிப் பூசினால் எரியும், சிலருக்குத் தடிக்கும். நலங்கு தேதியைப் பார்லரில் முதலிலேயே சொல்லிவிட்டால் நாளை மாற்றிக்கொள்ளலாம். அல்லது பாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லி, முகத்துக்கு ஒரு பொட்டு மட்டும் வைக்கச் சொல்லலாம். பாட்டி கேட்பாரா என்பது வேறு விஷயம்.

செய்த பிறகு முதல் வாரம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. மேல்படலம் மெலிந்த முகத்துக்கு வெயில் நேராக இறங்கும், அது கருமைக்கு எண்ணெய் வார்க்கும். காலை ஆறரைக்குப் புதுச்சேரி பீச் ரோட்டில் நடந்துவிட்டு வருவதில் பெரிய பாதகம் இல்லை. பத்து மணிக்கு மேல் சுண்ணாம்பாற்றில் படகேறி பாரடைஸ் பீச்சுக்குப் போவதோ, மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடலில் முழுக்குப் போடுவதோ அந்த வாரம் வேண்டாம். வெயிலோடு உப்புநீரும் மணலும் சேர்ந்து உராயும். நீச்சல்குளத்துக் குளோரினும் அப்படித்தான். வில்லியனூரிலிருந்தோ அரியாங்குப்பத்திலிருந்தோ தினம் ஸ்கூட்டியில் வருகிறவர்கள் துப்பட்டாவை முகத்தில் சுற்றுவது நல்லதுதான், வியர்வையில் நனைந்த பழைய துப்பட்டாவாக இல்லாத வரை.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையக் கூடாது. சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நீளவாக்கில் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும்; நாம் பொதுவாகப் போடுவது அதைவிட மிகக் குறைவு. வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. மாநிறத் தோலைக் கறுக்கவைப்பதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. அதைத் தடுக்க அயர்ன் ஆக்ஸைடு கலந்த, லேசாகத் தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் வெள்ளை க்ரீமைவிட உதவும். மங்கு உள்ளவர்களுக்கு டாக்டர்கள் எழுதுவதும் இதைத்தான்.

முதல் இரண்டு நாள் ஸ்க்ரப், சீரம், நீராவி, வாசனை க்ரீம் எதுவும் வேண்டாம். சாதாரண மாய்ஸ்சரைசர் போதும். படிகாரம், எலுமிச்சை, தக்காளிச் சாறு மூன்றையும் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள்.

ஒரு நாளைத் தாண்டியும் சிவப்பு அடங்கவில்லை, தொட்டால் சூடாக இருக்கிறது, மஞ்சள் பொருக்குக் கட்டுகிறது, கொத்தாகக் கொப்புளம் வருகிறது என்றால் செய்த இடத்துக்கே திரும்பிப்போய் இன்னொரு க்ரீம் வாங்கிப் பூச வேண்டாம். தோல் டாக்டரிடம் காட்டுங்கள். கையில் காசு இல்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் தோல் பிரிவு இருக்கிறது, கடலூர்ப் பக்கம் அரசு தலைமை மருத்துவமனையும் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. போகும்போது என்ன செய்தார்கள், எந்தத் தேதியில், அதற்குப் பின் எதைத் தடவினீர்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு வேலை பாதி குறையும். கருமை தோன்ற ஆரம்பித்திருந்தால் முதல் சில வாரத்திலேயே காட்டிவிட வேண்டும். நாள் ஆக ஆக அதை இறக்குவது கடினம்.